மயிலைக்கு இடப்பக்கம்

சேற்றுக்கு மேலே இரண்டு கொம்பும் திமிலும் மூக்கும்தான் தெரிந்தன. மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அது வருகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று நான் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மயிலை எங்கள் வண்டியின் வலத்து மாடு. ஹல்துமுல்லையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுகிற ரோட்டில், பாதி மலையில், மேல்மேடு சரிந்து அதன்மேல் இறங்கிவிட்டது. இடத்து மாடான செவலைக்கு முழங்கால் அளவுதான் சேறு. என் கொழுந்தன் கருப்பையா கத்தியால் நுகத்தடியின் பூட்டாங்கயிற்றை அறுத்து, செவலையை மட்டும் வெளியே இழுத்து, முன்னால் கெட்டித் தரைக்குக் கொண்டுபோய்விட்டான்.

செவலை போன திக்கை மயிலை ஒருமுறை பார்த்தது. அதற்குப் பிறகு தாடையைச் சேற்றின்மேல் வைத்துவிட்டது.

"அவ்வளவுதான் மதினி. அது மனச விட்டுருச்சு" என்றான் கருப்பையா.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற என் மகள், இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "எந்த வருஷம்மா?" என்று கேட்கிறாள். இதை வாராவாரம் போடுகிற பத்திரிகைக்காரரும் அதையேதான் கேட்டிருக்கிறார். மாடு சேற்றில் கிடக்கும்போது யார் பஞ்சாங்கம் பார்ப்பார்கள்? ரயில் அப்புத்தளையைத் தாண்டிப் பண்டாரவளை வரைக்கும் வந்து, பதுளைக்கு இன்னும் போகாமல் இருந்த காலம். ஐப்பசி மாதம். அது போதும்.

போன வாரம் கடைவீதிச் சண்டையைச் சொன்னதற்குச் சிலர் கோபித்துக்கொண்டார்களாம். இந்த வாரம் மாடுகளைப் பற்றிச் சொல்கிறேன். மாடுகள் கோபித்துக்கொள்ளாது.

முட்டுக்கட்டைக்காரி

வண்டியும் மாடுகளும் என் வீட்டுக்காரருடையவை. பதுளைக் கடைக்காரர் ஒருவரிடம் இளங்காளைகளாக வாங்கிவந்து, அவரே மூக்குக் குத்தி, அவரே பழக்கினார். சாம்பல் நிறத்தது மயிலை, சிவப்பு செவலை. பெயர் வைப்பதில் அவருக்கு அவ்வளவுதான் கற்பனை. என் மகளுக்குப் பெயர் வைக்கும் வேலையை நான் அவரிடம் விடவில்லை.

தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை மேலே அப்புத்தளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது, வரும்போது அரிசி மூட்டையும் கருவாட்டுச் சிப்பமும் கீழே கொண்டுவருவது. இதுதான் எங்கள் பிழைப்பு. அந்த ஏற்றத்துக்கு வண்டி ஓட்டுகிறவன் ஒருத்தன் போதாது. பின்னால் முட்டுக்கட்டையோடு ஒரு ஆள் நடக்க வேண்டும்.

மாடுகள் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு மூச்சு வாங்க நிற்கும். அப்போது பாரம் பின்னால் இழுக்கும். அந்த நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருக வேண்டும். கண் சிமிட்டும் நேரம் பிந்தினாலும் வண்டி, மாடு, பெட்டி எல்லாம் பள்ளத்தில் கிடக்கும்.

அவர் இருந்தபோது அவர் ஓட்டுவார், தம்பி கட்டை போடுவான். அவர் போன பிறகு கருப்பையா ஓட்ட உட்கார்ந்தான். கட்டை போட ஆள் இல்லை. பால்குடி மறக்காத பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் கட்டையை எடுத்தேன். ஊரில் ஒருத்தியை முட்டுக்கட்டை போடுகிறவள் என்றால் அது திட்டு. எனக்கு அதுதான் தொழில்.

கடைவீதி சிரித்தது. எப்போதும் எங்கள் வண்டியோடு சேர்ந்தே போகிற இன்னொரு வண்டிக்காரர் மலையாண்டி அண்ணன், "பொம்பள வண்டிக்குப் பின்னால நடக்குறதாம்மா?" என்று கேட்டார்.

"முன்னால நடந்தா மாடு மிதிச்சிரும் அண்ணே" என்றேன்.

மலையாண்டி அண்ணன் வாய்ச்சவடால் பேர்வழி, ஆனால் கெட்டவர் இல்லை.

அந்தச் சோடி இருந்ததால்தான் நாங்கள் கடைவீதி ஓரத்தில் சொந்தமாக ஒரு குடிசை போட்டு இருந்தோம். ஒரு மாடு போனால் வண்டி போச்சு. வண்டி போனால் கங்காணியிடம் பேர் பதிந்து, தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று வாங்கி, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்க வேண்டியதுதான். என் மாமனாரும் மாமியாரும் அப்படி நின்றே தேயிலைக்கு உரமானவர்கள். அதிலிருந்து காலை வெளியே எடுத்து வைக்க என் வீட்டுக்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

வலம் என்றால் வலம்தான்

வண்டி மாட்டோடு பழகாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வலத்தில் பழகிய மாடு சாகும் வரைக்கும் வலத்து மாடுதான். இடத்தில் பழகியது இடம்தான். மாற்றிக் கட்டினால் நகராது.

ஒருமுறை கல்யாணத்துக்குச் சாமான் ஏற்ற என்று ஒரு கடைக்காரர் எங்கள் வண்டியை இரவல் வாங்கிப் போனார். அவருடைய ஆள் கெட்டிக்காரன். இரண்டும் மாடுதானே என்று செவலையை வலத்திலும் மயிலையை இடத்திலும் பூட்டிவிட்டான். அடித்தான், வாலை முறுக்கினான். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சண்டை போட்ட சம்பந்திகளைப் போல நின்றனவாம். மாப்பிள்ளை வீட்டுச் சீர் எல்லாம் தலைச்சுமையாகப் போய்ச் சேர்ந்தது.

கொட்டிலிலும் அப்படித்தான். தண்ணீர் காட்டினாலும், தீனி வைத்தாலும், வெறுமனே மேய விட்டாலும் செவலை மயிலைக்கு இடப்பக்கம்தான் நிற்கும். நின்று பழகிய இடம் அது. மயிலையின் இடது விலாவில் செவலையின் உடம்பு உரசி உரசி மயிரே மழுங்கிப்போயிருந்தது.

காற்றுக்குச் சாக்குச் சட்டை

மழையைச் சொல்வதற்கு முன்னால் காற்றைச் சொல்லாவிட்டால் அப்புத்தளைக்காரர்கள் என்னை விடமாட்டார்கள்.

ஆடி பிறந்தால் கச்சான் காற்று. கீழே இருந்து கிளம்பி மலை இடுக்கு வழியாக அது ஏறும்போது, நிற்கிற ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். வெறும் வண்டியோடு வரும்போது வண்டிக்குள் கல் ஏற்றிக்கொண்டுதான் வருவோம். கல் ஏற்ற மலையாண்டி அண்ணனுக்குச் சோம்பல். ஒரு நாள் அவருடைய வண்டிக் கூண்டு அப்படியே பெயர்ந்து தேயிலை மலைக்குள் இறங்கிப் போனது. அவர் தலைப்பாகையும் கூடவே போனது. தலைப்பாகை மட்டும்தான் திரும்பக் கிடைத்தது.

அந்தக் காற்றில் மாட்டுக்கு முதலில் கெடுவது கண். தூசி அடித்து அடித்து நீர் வடியும், பீளை கட்டும். நான் கொத்தமல்லி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துத் துணியில் நனைத்துக் கழுவிவிடுவேன். குளிருக்கு அரிசிச் சாக்கைப் பிரித்து, கழுத்துக்கும் வயிற்றுக்கும் கயிறு வைத்துச் சட்டை தைத்தேன். மயிலை பேசாமல் போட்டுக்கொள்ளும். செவலைக்குச் சாக்கு என்றால் தின்கிற சாமான். பாதிச் சட்டையை அது தின்றுவிடும்.

மழைக்காலத்தில் அட்டை. காலில் ஏறினால் புகையிலைச் சாறு தொட்டு வைத்தால் விழுந்துவிடும். மூக்குக்குள் ஏறினால்தான் வேதனை. ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். மாடு தலையை உதறிக்கொண்டே இருக்கும், ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் கசியும்.

அதற்கு மருந்து தாகம்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு ஒரு சட்டி நிறையத் தண்ணீரை மூக்குக்குக் கிட்டத்தில் பிடிக்க வேண்டும். குடிக்க விடக்கூடாது. தண்ணீர் வாசனைக்கு அட்டை மெல்ல எட்டிப் பார்க்கும். சாம்பல் தொட்ட விரலால் லபக்கென்று பிடித்து இழுத்துவிட வேண்டும். தாகத்தோடு ஒரு மாடு நம் கையிலிருக்கிற தண்ணீரைப் பார்க்கிற பார்வையைப் பொறுத்துக்கொள்வதுதான் அதில் கஷ்டமான வேலை. 

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து வளர்த்த மாடுதான் ரோட்டில் சேற்றுக்குள் கிடந்தது.

மழை விட்ட காலை

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ரோட்டில் வண்டிகள் ஓடவில்லை. தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகள் அடுக்கியபடி கிடந்தன. பூசணம் பூத்துவிடும் என்று ஆள்மேல் ஆள் வந்தது. ஒரு காலையில் மேகம் விலகி வெயில் அடித்தது. மலையாண்டி அண்ணன் வண்டியைப் பூட்டினார். நாங்களும் பூட்டினோம்.

அவர் வண்டி முன்னால், எங்களுடையது பின்னால். வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் பள்ளம். நனைந்த ரோட்டில் சக்கரம் வழுக்கியது. நான் கட்டையும் கையுமாகக் குனிந்தபடியே வந்தேன். அதனால்தான் மேட்டோரத்து வாய்க்காலான கானைப் பார்த்தேன். நிறைந்து ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சாந்து மாதிரிச் சிவந்து, பிறகு நின்றுவிட்டது.

ஓடுகிற தண்ணீர் நின்றால் மேலே எங்கேயோ மண் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். "தம்பி, ஓட்டு! ஓட்டு!" என்று கத்தினேன்.

கருப்பையா ஓட்டினான். மாடுகளும் பாய்ந்தன. ஆனால் மலை எங்களைவிட வேகம்.

பெரிய இடி மாதிரிச் சத்தம் கேட்டது என்று நினைக்காதீர்கள். ஈரச் சேலையைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம்தான். தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே கீழே வந்தன. சேறு மேட்டுப் பக்கம் இருந்த மயிலையை அமுக்கி, வண்டியைச் சாய்த்து, ரோட்டைக் கடந்து பள்ளத்தில் வழிந்தது. பெட்டிகள் உருண்டன. நான் பின்னால் இருந்ததால் தப்பினேன். கருப்பையா குதித்துத் தப்பினான்.

"ஒன்னாவது மிஞ்சட்டும்"

முன்னால் போன மலையாண்டி அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். கீழ்க் கிராமத்திலிருந்து கிரி பண்டா என்கிற சிங்கள விவசாயி மண்வெட்டியும் எருமை கட்டுகிற கயிறுமாக ஏறிவந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மண் சரிந்த சத்தம் கேட்டு வந்தவர்.

ஆண்கள் மூன்று பேரும் மயிலையைச் சுற்றிச் சேற்றை வெட்டித் தள்ளினார்கள். முன்கால் தெரிகிற அளவுக்கு எடுத்தாயிற்று. மார்பைச் சுற்றிக் கயிறு போட்டு, மறுமுனையைச் செவலைக்குக் கட்டி, கெட்டித் தரையிலிருந்து இழுக்க விட்டார்கள். மூன்று பேரும் கூடவே இழுத்தார்கள்.

கயிறு விறைத்தது. மயிலை அசையவில்லை. எழ வேண்டும் என்று அது நினைத்தால் அல்லவா? கனத்த மாட்டைக் கயிறு மட்டும் தூக்கிவிடாது. அது காலை ஊன்றினால்தான் உண்டு. ஊன்றவில்லை. கண் பாதி மூடியிருந்தது. மேட்டிலிருந்து சிறு சிறு மண்கட்டிகள் உருண்டு வந்துகொண்டே இருந்தன.

எனக்கு அப்போது அதன் இடது விலாதான் கண்ணில் பட்டது. மயிர் மழுங்கிய அந்த இடம் சேறு அப்பி வெறுமையாக இருந்தது.

"தம்பி, செவலைய அவுத்துக் கொண்டாந்து இது பக்கத்துல நிப்பாட்டு" என்றேன்.

"எங்க மதினி?"

"அது நிக்கிற எடத்துல. இடப்பக்கம்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மயிலைக்கு இடப்பக்கம் என்றால் பள்ளத்து ஓரம். சேறு வழிந்து வழிந்து அந்த ஓரம் கரைந்துபோயிருந்தது. மேலே ஒரு அடுக்குத் தரை தெரிந்தது, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"பைத்தியமா ஒனக்கு?" என்றார் மலையாண்டி அண்ணன். "அந்த ஓரம் ஒரு மாட்டத் தாங்காதும்மா. ரெண்டும் போயிரும்."

கருப்பையா கெஞ்சினான். "வேணாம் மதினி. ஒன்னாவது மிஞ்சட்டும். இதயும் சாவக் குடுத்துட்டு நாம எங்க போறது?"

அந்தச் சொல்லை நான் முன்பே அவன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

வாந்திபேதி வந்த வருஷம், பலாங்கொடைப் பக்கம் சவாரி போய்வந்த என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கும்போதே சுருண்டு விழுந்தார். ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கென்று ஒரு கொட்டகை போட்டு, வாசலில் காவல் வைத்திருந்தார்கள். தம்பிதான் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். அவன் வாசலுக்கு வந்து குறுக்கே கையை நீட்டி நின்றான். "கிட்ட வராதீங்க மதினி! ஒருத்தராவது மிஞ்சணும். பிள்ள பால் குடிக்குது" என்றான். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னை இரண்டு கையிலும் பிடித்துத் திருப்பிக் கூட்டிப்போனார்கள். மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் செய்தது சரி. இதை எழுதிக்கொண்டிருக்கிற மகள் அதற்குச் சாட்சி. ஆனால் சரியான காரியத்தைச் செய்தவன்மேல் கோபப்படவும் முடியாது, அந்தக் கோபம் லேசில் போகவும் போகாது. ஒரே அடுப்பில் சமைத்துப் போட்டேன், ஒரே வண்டியில் உழைத்தேன். அந்தக் கொட்டகையைப் பற்றி மட்டும் அவனிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

செவலை போன திக்கை மயிலை பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அப்படிப் பார்த்துவிட்டுப் படுத்த ஒருத்தரை என் ஆயுசில் நான் தனியாக விட்டாயிற்று. இன்னொரு முறை முடியாது.

"போனா ரெண்டும் போகட்டும்" என்றேன். "நாளைக்கே பெரட்டுக்கு நிக்கிறேன். நான் நிப்பேன், ஒன்னைய நிக்கச் சொல்ல மாட்டேன். செவலைய அவுரு."

பெட்டிப் பலகை

வெறும் சேற்றில் செவலையை இறக்கினால் அதுவும் புதையும். கீழே எதையாவது பரப்ப வேண்டும். ரோட்டில் தேயிலைப் பெட்டிகள் சிதறிக் கிடந்தன. சில உடைந்திருந்தன, பல உடையவில்லை.

நான் முட்டுக்கட்டையால் ஒரு பெட்டியை ஓங்கி அடித்தேன்.

"ஐயோ, தொரை பெட்டிம்மா!" என்று மலையாண்டி அண்ணன் தலையில் கை வைத்தார்.

"அப்ப நீங்க போயி தொரைய வந்து படுக்கச் சொல்லுங்க. அவர் மேல மாட்ட நிப்பாட்டுறேன்."

அதற்குப் பிறகு அவரும் ஒரு கல்லை எடுத்து உடைக்க ஆரம்பித்தார். சொல்லப்போனால் என்னைவிட ஆசையாக உடைத்தார். பெட்டிக்கு உள்ளே ஒட்டியிருந்த ஈயத் தகட்டைக் கிழித்து, தேயிலையைச் சேற்றிலேயே கொட்டி, பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினோம். கிரி பண்டா இரண்டு வாழை மரத்தை வெட்டி இழுத்துவந்து ஓரத்தில் போட்டார். அதன்மேல் சாக்குகளை விரித்தோம். எத்தனை பேருக்கு அப்படி ஒரு வாசனை வாய்க்கும் என்று தெரியாது, நனைந்த தேயிலையும் சேறும் மாட்டு வியர்வையும் கலந்து அந்த மலைச்சரிவே மணத்தது.

கருப்பையா செவலையைக் கொண்டுவந்தான்.  பள்ளத்தோரம் மாட்டுக்கு வெளிப்புறமாக அவனே நின்றுகொண்டான். ஓரம் போனால் முதலில் போவது அவன்தான். "இந்தப் பக்கம் வாடா" என்று நான் கத்தினேன். அவன் காதில் வாங்கவில்லை.

செவலை பலகையை முகர்ந்தது. ஒரு காலை வைத்தது, எடுத்தது. பலகை முனகியது. ஓரத்திலிருந்து ஒரு பாளம் மண் பெயர்ந்து பள்ளத்தில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

"ஹெமின், ஹெமின்" என்றார் கிரி பண்டா. மெல்ல, மெல்ல என்று. மாட்டுக்கும் அது புரிந்த மாதிரி, செவலை ஒவ்வொரு காலாக வைத்து வந்து, மயிலையின் இடது விலாவோடு ஒட்டி நின்றது. நாங்கள் யாரும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. அதற்குத் தெரியும் அதன் இடம்.

வண்டியிலிருந்து கழற்றிய நுகத்தடியைத் தூக்கி இரண்டு கழுத்திலும் வைத்தோம். பூட்டவில்லை, சும்மா வைத்தோம். ஒன்று போனால் மற்றதையும் இழுத்துவிடக் கூடாது என்று.

மயிலை கண்ணைத் திறந்தது.

நான் பின்னால் போனேன். ஏற்றத்தில் எப்போதும் எங்கே நிற்பேனோ அங்கே. மார்புக் கயிற்றை மலையாண்டி அண்ணனும் கிரி பண்டாவும் முன்னால் பிடித்தார்கள். வழக்கமாக ஏற்றம் தொடங்கும்போது கொடுக்கிற குரலைக் கொடுத்தேன். "ஏறு ராசா! ஏறு, ஏறு!"

செவலை முதலில் தோளைக் கொடுத்தது. நுகத்தடி சாய்ந்து மயிலையின் கழுத்தில் அழுந்தியது. எத்தனையோ வருஷமாக அந்த அழுத்தம் வந்தால் இழுத்துப் பழகிய மாடு அது. அதன் உடம்பு நினைத்துக்கொண்டது. முதலில் திமில் அசைந்தது. பிறகு ஒரு முன்கால் சேற்றைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து பலகையைத் தேடியது. நான் வாலடியில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சேறு என் கழுத்துவரை.

"ஏறு ராசா!"

சேறு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி வாயைத் திறந்து மாட்டை விட்டது. இரண்டும் பலகைமேல் தடதடவென்று ஓடி, கெட்டித் தரைக்குப் போய் நின்றன. கருப்பையா நுகத்தடியைப் பிடித்தபடியே அவற்றோடு இழுபட்டுப் போய் விழுந்தான். கொஞ்ச நேரத்தில் பலகை, வாழைமரம், சாக்கு எல்லாவற்றோடும் அந்த ஓரம் பள்ளத்துக்குள் இறங்கியது.

மலையாண்டி அண்ணன் ரோட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். அது அவர் மாடுகூட இல்லை.

தேய்க்கிற கை

சேற்றிலிருந்து வந்தால் மட்டும் மாடு பிழைத்துவிடாது. குளிர் உள்ளே இறங்கிவிட்டால் நெஞ்சடைத்துச் செத்துப்போகும். கிரி பண்டாவின் கொட்டில்தான் கிட்டத்தில் இருந்தது. மெல்ல நடத்திக் கொண்டுபோனோம். மயிலையின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

வெந்நீரால் கழுவிச் சாக்கால் துடைத்தோம். உமியில் கங்கு போட்டுச் சட்டியில் பக்கத்தில் வைத்தோம். இஞ்சி, மிளகு, பூண்டு இடித்துக் கித்துள் மரத்துக் கருப்பட்டியில் கரைத்து, மூங்கில் குழாயால் வாயில் புகட்டினேன். கிரி பண்டாவின் மனைவி தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. என் முகத்தில் காய்ந்திருந்த சேற்றை அவளே ஈரத் துணியால் துடைத்துவிட்டாள்.

பிறகு வைக்கோலைப் புரியாகச் சுருட்டி, உடம்பு முழுக்கச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். வலப்பக்கம் கருப்பையா, வயிற்றுக்கடியில் நான். இடப்பக்கம் செவலை நின்றுகொண்டு எங்களுக்கு இடமே விடவில்லை. அதன் உடம்புச் சூட்டைவிடப் பெரிய வைத்தியம் எது என்று விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் நிம்மதியாக மிச்சத்தைப் படிக்கலாம். மயிலை பிழைத்தது. தை மாதத்தில் வண்டியைச் சரிசெய்து பூட்டினோம். அந்தச் சோடி அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த மலையை ஏறியது. நான் பெரட்டுக்கு நிற்கவில்லை. பெட்டிகளுக்காகத் துரை சத்தம் போட்டார். மண் உடைத்தது எத்தனை, நான் உடைத்தது எத்தனை என்று அந்த மலையைத்தான் கேட்கவேண்டும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மயிலையின் முதுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கருப்பையாவின் குரல் வந்தது.

"மதினி, அன்னைக்கு ஒங்கள உள்ள விட்டுருக்கணும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. அவனுக்கும் நின்றுவிட்டது.

"கைய நிறுத்தாத தம்பி" என்றேன். "பேசிக்கிட்டே தேய்."

அவன் தேய்த்தான். 

"அண்ணன் கடைசில என்னா சொன்னாருன்னு நீங்க கேக்கவே இல்ல."

"நீ சொல்லவே இல்ல."

"ஒங்க மொகத்தப் பாத்தா எனக்குப் பயமா இருந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைத் தெரிந்த யாருக்கும் வரும். உயிர் போகிற நேரத்திலும் மாடு. 

"என்னையப் பத்தி ஒன்னும் கேக்கலயா?"

"மதினி காட்டிருக்கும்னு சொன்னேன்." அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "'ஆமால்ல, அவ இருக்கா'ன்னாரு. அப்பறம் பேசல."

நான் மயிலையின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். கொட்டகை வாசலில் அழவேண்டிய அழுகை அது. அதன் தோல் சூடாகிக்கொண்டு வருவது என் கன்னத்தில் தெரிந்தது.

பிறகு எழுந்து போய், இரண்டு மாட்டுக்கும் தண்ணீர் எடுத்துவந்தேன்.